கரை தடுத்தது, ஆறு கழுவியது

நெதர்லாந்தின் சைடர்சே வளைகுடாவுக்குக் குறுக்கே எழுந்த 32 கிலோமீட்டர் நீள அஃப்ஸ்லைட்டைக் கரையின் கடைசித் திறப்பு 1932 மே 28 அன்று மூடப்பட்டது. சில ஆண்டுகளிலேயே உள்ளே சிக்கிய கடல், ஐசல்மேர் என்ற நன்னீர் ஏரியாயிற்று. இதைப் பேசுவோர் கரையையும் அதைத் திட்டமிட்ட கார்னலிஸ் லேலியையும் போற்றுவார்கள். போற்றத்தான் வேண்டும். ஆனால் கரை செய்தது பாதி வேலை. புதிய உப்பு வராமல் அது தடுத்தது. உள்ளே இருந்த உப்பை வெளியேற்றியது ஏரியில் வந்து சேரும் ஐசல் ஆறு. அந்த உப்பில் ஒரு பங்கு ஏரியின் அடிச்சேற்றில் இருந்தது. கடலோர நீர்த்தேக்கங்களைப் பற்றிப் பேசும்போது பலரும் மறந்துவிடுவது இந்தச் சேற்றைத்தான்.

நூற்றாண்டுக்கணக்கில் கடலுக்கு அடியில் கிடந்த களிமண்ணின் நுண்துளைகளில் உவர்நீர் நிறைந்திருக்கும். மேலே நன்னீர் வந்து நின்றதும், அடியிலுள்ள உப்பு மெல்ல மெல்ல மேல்நீருக்கு ஏறும். மேற்பரப்புச் சேறு உப்பை இழந்த பிறகும் ஆழத்திலிருந்து அது வந்துகொண்டே இருக்கும். வேகம் மட்டும் குறையும். ஆழமில்லாத ஏரியில் காற்று சேற்றைக் கிளறினால் உப்பு இன்னும் விரைவாகக் கலக்கும். டச்சுக்காரர்கள் கடலடி மண்ணின் உப்பை அலட்சியப்படுத்தவில்லை. பெரிய நிலமீட்பில் இறங்கும் முன்பே, 1927-இல், ஆன்டைக் என்ற இடத்தில் 40 ஹெக்டேர் கடலடியை வடித்து, அந்த மண்ணில் என்ன விளையும் என்று சோதித்தார்கள். 1930-இல் வடித்த வீரிங்கர்மேர் நிலத்தில் வாய்க்கால் வெட்டி, மழைநீர் உப்பைக் கரைத்து வெளியேற்ற வழிசெய்தார்கள்.

ஏரிதான் விரைவில் இனித்துவிட்டதே, சேற்றின் உப்பைப் பெரிதுபடுத்துவானேன் என்று கேட்கலாம். ரைன் நதியின் கிளையான ஐசல் ஆண்டு முழுவதும் ஓடுகிறது. வெளியே கடல் தாழும்போதெல்லாம் மதகுகளைத் திறந்து ஏரிநீரை விட முடிகிறது. சேறு கசியவிட்ட உப்பை ஆறு அவ்வப்போதே கொண்டுபோனது. கழுவும் நீர் மிகுதியாகக் கிடைத்ததால் வந்த வெற்றி அது.

வற்றாத ஆறு இல்லாத யாழ்ப்பாணத்தில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். அங்குள்ள கடல்நீரேரிகளை நன்னீராக்கப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1954-இல் முன்வைத்த திட்டம், தடுப்பணைகளோடு நின்றுவிடவில்லை. கனகராயன் ஆற்று நீரை ஆனையிறவு ஏரியில் தேக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சி ஏரிக்குக் கொண்டுவருவதே அதன் உயிர்நாடி. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் எழுந்தன. வாய்க்கால் வேலை பாதியில் நின்றது. ஏரிகள் நன்னீராகாததற்குத் தடுப்பணைக் கதவுகள் பழுதாகிக் கடல்நீர் புகுந்ததே காரணம் என்பார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் கதவுகளை எவ்வளவு நன்றாகச் சீர்செய்தாலும், மாரி மழையை மட்டும் நம்பும் ஏரியில் கோடை வெயில் நீரைக் குடித்துவிட்டு உப்பை விட்டுச்செல்லும்.

ஆகவே கடலை மறித்து நன்னீர் தேக்க விரும்புவோர், கரையின் நீளத்தைக் கணக்கிடும் முன் அடிச்சேற்றின் உப்பையும், அதை ஆண்டுதோறும் கழுவக் கிடைக்கும் நீரையும் அளக்க வேண்டும். கழுவ நீர் போதாத இடத்தில் எவ்வளவு உறுதியான கரையும் உவர்நீரைத்தான் தேக்கும்.