லண்டன் போகும் அம்மாவுக்கு ஒரு சரித்திரப் பாடம்

கொஞ்சம் நீளமான பதிவு. காபி கலந்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு பக்கம் பல வீடுகளில் பெட்டியை எடை போடும் வேலை நடக்கும். பருப்புப்பொடி, நாரத்தங்காய், பேரனுக்குச் சட்டை. மகனோ மகளோ லண்டனில் இருப்பார்கள், மூன்று நான்கு மாதம் தங்கப் போகிறார்கள். திரும்பி வந்தவர்களிடம் "லண்டன் எப்படி மாமி?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான். "வீடு நன்னா இருந்தது. சனி, ஞாயிறு வெளியே அழைச்சுண்டு போவான்." மீதி 5 நாள்? ஜன்னலும் டிவியும்.

இதே மாமி இங்கே 29சி பிடித்து மயிலாப்பூரிலிருந்து பெரம்பூர் தங்கை வீட்டுக்குத் தனியாகப் போகிறவர். தீபாவளிக் கூட்டத்தில் ரங்கநாதன் தெருவுக்குள் நுழைந்து வெளியே வந்தவர். அவரை அங்கே வீட்டுக்குள் உட்கார வைத்தது ஆங்கிலமும் இல்லை, வயதும் இல்லை. அந்த ஊர் எப்படி ஓடுகிறது என்று யாரும் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். அதைப் புரிய வைக்கச் சரித்திரம்தான் நல்ல வழி என்பது என் எண்ணம். வேறு என்ன சொல்வேன், சரித்திர டீச்சர்தானே!

நம்ம ஊரிலிருந்து ஆரம்பிப்போம். 1895 மே 7 அன்று மதராஸில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவிலேயே அதுதான் முதல். லண்டன் தெருக்களில் மின்சார டிராம் முறையாக ஓட ஆரம்பித்தது 1901-ல். அதுவரை அங்கே டிராமைப் பெரும்பாலும் குதிரைகள்தான் இழுத்தன. அந்த இடைப்பட்ட வருஷங்களில் மதராஸிலிருந்து கப்பல் ஏறிய ஒருவர், டிராம் விஷயத்தில் முன்னேறிய ஊரை விட்டுப் பின்தங்கிய ஊருக்குப் போனார் என்றே சொல்ல வேண்டும்.

அப்படி அந்தக் காலத்தில் போனவர்களில் ஒருவர் 'மதராஸ் ஸ்டாண்டர்டு' பத்திரிகையின் ஆசிரியர் ஜி. பரமேஸ்வரன் பிள்ளை. 1896-ல் காந்தி தென்னாப்பிரிக்க இந்தியர்களுக்காக மதராஸ் வந்தபோது தன் பத்திரிகையைத் திறந்துவிட்டு உதவியவர் இவர்தான். லண்டனையும் பாரிஸையும் ஓர் இந்தியரின் கண்ணால் பார்த்து இவர் ஆங்கிலத்தில் எழுதிய புத்தகம் 1897-ல் மதராஸில் வெளிவந்தது. அதற்குச் சில வருஷம் முன்பு, 1888-ல், சட்டம் படிக்க லண்டன் போன காந்தி வண்டிச் செலவு கட்டுப்படியாகவில்லை என்று, நடந்து போகும் தூரத்தில் அறை பார்த்துக்கொண்டார். தினம் 8, 10 மைல் நடந்ததாகச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அன்றைய லண்டன், காசு குறைவாக இருந்த வெளியூர்க்காரருக்குச் சுலபமான ஊர் இல்லை.

அங்கே வண்டிகளுக்குப் பஞ்சமில்லை. 1829-ல் ஜார்ஜ் ஷில்லிபியர் என்பவர் குதிரை பஸ் விட்டார். 1863-ல் பாடிங்டனிலிருந்து ஃபாரிங்டன் வரை உலகத்தின் முதல் சுரங்க ரயில் வந்தது. அது நீராவி ரயில், சுரங்கம் முழுக்கப் புகை. 1890-ல் ஆழத்தில் மின்சார ரயில் வந்தது. 1900-ல் வந்த சென்ட்ரல் லைனில் எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் 2 பென்ஸ்தான்.

ஆனால் ஒவ்வொரு ரயிலும் ஒவ்வொரு கம்பெனி. அவரவர் டிக்கெட், அவரவர் போர்டு. உள்ளூர்க்காரர் பழக்கத்தில் சமாளித்துக்கொள்வார். புதிதாக வந்தவர் குதிரை வண்டிக்காரரைத்தான் நம்ப வேண்டும். வண்டிக்காரருக்கு வழி தெரிந்திருக்க வேண்டும் என்று 1865-லிருந்தே அங்கே பரீட்சை உண்டு. இன்றைக்கும் கறுப்பு டாக்ஸி ஓட்டுகிறவர்கள் சாரிங் கிராஸைச் சுற்றி 6 மைலுக்குள் ஏறத்தாழ 25,000 தெருக்களை மனப்பாடம் செய்து தேறுகிறார்கள். (நம் ராமானுஜனைப் பார்க்க ஹார்டி பட்னி மருத்துவமனைக்கு வந்தாரே, 1729 என்ற எண் போட்ட டாக்ஸி, அதை ஓட்டியவரும் இந்தப் பரீட்சை எழுதியவராகத்தான் இருந்திருப்பார்!) பெரிய திறமைதான். ஆனால் அந்த வழி ஓட்டுகிறவர் தலைக்குள் இருக்கிறது. பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அதில் பங்கு கிடையாது.

வழி பொதுச் சொத்தாக மாறியது படிப்படியாகத்தான். 1908-ல் சுரங்க ரயில் கம்பெனிகள் கூடிப் பேசி, நிலைய வாசல்களில் 'அண்டர்கிரவுண்ட்' என்று ஒரே பெயர் போடவும், எல்லார் பாதையையும் ஒரே வரைபடத்தில் காட்டவும் ஒப்புக்கொண்டார்கள். 1916-ல் எட்வர்டு ஜான்ஸ்டன் வடிவமைத்த எழுத்துகள் வந்தன. தூரத்திலிருந்தும் படிக்கலாம், எந்த நிலையத்திலும் ஒரே மாதிரி. 1933-ல் பஸ், டிராம், சுரங்க ரயில் எல்லாவற்றையும் ஒரே வாரியத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். முதல் சுரங்க ரயிலிலிருந்து கணக்குப் போட்டால் 70 வருஷம்.

அதே 1933-ல்தான் அந்தப் புகழ்பெற்ற வரைபடமும் அச்சானது. வரைந்தவர் ஹாரி பெக். ரயில்வேயின் சிக்னல் அலுவலகத்தில் வரைவாளராக வேலை பார்த்தவர். ரயிலுக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு மேலே எந்தத் தெரு, எத்தனை வளைவு என்பது எதற்கு? எந்த லைன், எத்தனையாவது நிலையம், எங்கே மாற வேண்டும், இந்த மூன்றும் போதும் என்று நினைத்தார். மின்சுற்றுப் படம் போல நேர்க்கோடுகளும் சாய்கோடுகளுமாக வரைந்தார். 1931-ல் கொண்டுபோய்க் கொடுத்தபோது வேண்டாம் என்றவர்கள், பிறகு அச்சடித்ததும் ஜனங்கள் அள்ளிக்கொண்டு போனதைப் பார்த்தார்கள்.

இனி, பெற்றோரை வரவழைக்கும் என் மாணவர்களுக்குச் சில குறிப்புகள்.

முதல் நாள் டியூப் வேண்டாம். பஸ்ஸில் ஏற்றுங்கள். லண்டன் பஸ்கள் தாழ்தளம், முழங்கால் வலிக்காரர்களுக்கு ஏற்றவை. அடுத்த நிறுத்தம் எது என்று குரலும் சொல்லும், எழுத்திலும் வரும். நகரத்துக்குள் பல நிறுத்தங்களின் கம்பத்தில் ஆங்கில எழுத்து ஒன்று இருக்கும். ஒரே இடத்தில் நாலு நிறுத்தம் இருந்தால், "கே எழுத்துப் போட்ட நிறுத்தம்" என்று சொல்லி அனுப்பலாம்.

கையில் ஒரு ஆய்ஸ்டர் கார்டு கொடுங்கள். ஒருவருக்கு ஒரு கார்டு. பஸ்ஸில் ஏறும்போது மட்டும் தொட்டால் போதும். ரயிலில் நுழையும்போதும் வெளியே வரும்போதும் தொட வேண்டும், மறந்தால் அதிகபட்சக் கட்டணம் பிடித்துவிடுவார்கள். இன்னொன்றையும் மறக்காமல் சொல்லுங்கள். இங்கே சாதாரணக் கட்டணப் பேருந்தில் 2021-லிருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அங்கே ஒவ்வொரு தடவையும் பவுனை ரூபாயாக்கி மனசுக்குள் பெருக்கிப் பார்த்துவிட்டு, "எதுக்குப் பிள்ளைக்குச் செலவு?" என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். பாதிப் பேரைத் தடுப்பது இதுதான். ஒரு நாளில் எத்தனை தடவை போனாலும் ஒரு வரம்புக்கு மேல் காசு போகாது, பஸ்ஸில் ஏறி ஒரு மணி நேரத்துக்குள் இன்னொரு பஸ் மாறினால் மறுபடி கட்டணமில்லை என்று விளக்கிச் சொன்னால் தயக்கம் போகும். லண்டன்வாசிகளான முதியவர்களுக்குள்ள இலவசப் பாஸ் பார்வையாளராக வருபவர்களுக்குக் கிடையாது. அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

டியூபில் திசையும் கடைசி நிலையமும் முக்கியம். மாம்பலத்தில் "பீச் வண்டியா, தாம்பரம் வண்டியா, செங்கல்பட்டு வண்டியா?" என்று பார்த்து ஏறிப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. உதாரணத்துக்கு, ஹைகேட் முருகன் கோயிலுக்கு நார்தர்ன் லைன். அந்த லைன் கேம்டன் டவுனுக்கு வடக்கே இரண்டாகப் பிரிகிறது. ஹை பார்னெட் பக்கம் போகும் வண்டிதான் ஹைகேட் போகும், எட்ஜ்வேர் வண்டி போகாது. இதை ஒரு சீட்டில் தமிழில் எழுதிக் கைப்பையில் வைத்துவிட்டால் அம்மா கிருத்திகைக்குத் தானே போய்விட்டு வந்துவிடுவார்.

காலை 9:30-க்குப் பிறகு கிளம்பச் சொல்லுங்கள், ஆபீஸ் கூட்டம் குறைந்திருக்கும். எஸ்கலேட்டரில் வலப்பக்கம் நிற்க வேண்டும், இடப்பக்கம் அவசரக்காரர்களுக்கு. பல பழைய நிலையங்களில் லிஃப்ட் கிடையாது, முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெக்கின் வரைபடம் தூரத்தைக் காட்டாது என்பதையும் சொல்லி வையுங்கள். லெஸ்டர் ஸ்கொயர் நிலையத்துக்கும் கோவென்ட் கார்டன் நிலையத்துக்கும் நடுவே கால் கிலோமீட்டர்தான். படத்தைப் பார்த்துவிட்டுச் சுற்றுலா வந்தவர்கள் கீழே இறங்கி, ரயில் பிடித்து, மறுபடி மேலே ஏறுகிறார்கள். கபாலி கோயில் கிழக்குக் கோபுரத்திலிருந்து குளத்தைச் சுற்றி வரும் நேரம்கூட ஆகாது நடந்தால்!

தனியாகப் போய்ப் பார்க்க எந்த இடம் என்று கேட்டால் நான் பிரிட்டிஷ் மியூசியம் என்பேன். அனுமதி இலவசம், டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு நிலையத்தில் இறங்கி நடக்கலாம். அங்கே அமராவதி ஸ்தூபியின் சிற்பங்கள் இருக்கின்றன. 1845-ல் வால்டர் எலியட் தோண்டி எடுத்து மதராஸுக்கு அனுப்பியவை, 1859-ல் இங்கிருந்து லண்டனுக்குக் கப்பல் ஏறின. அமராவதியின் இன்னொரு பங்கு நம் எழும்பூர் மியூசியத்தில் இருக்கிறது. எட்டாம் வகுப்பில் உங்களை வரிசையாக நிற்க வைத்துக் காட்டினேனே, நினைவிருக்கிறதா?

இனி நம்ம ஊர்க் கதையின் பிற்பகுதி. லண்டன் தன் பழைய டிராம்களை 1952 ஜூலையில் நிறுத்தியது. மதராஸ் டிராம் 1953 ஏப்ரலில் நின்றது, கம்பெனி நஷ்டத்தில் மூழ்கிவிட்டது. மயிலாப்பூர்ப் பெரியவர்கள் ராயப்பேட்டை வழியாகப் போன டிராமின் மணிச்சத்தத்தைச் சொல்லிச் சொல்லி மாய்ந்து போவார்கள். வண்டி போனது இரண்டு ஊரிலும்தான். ஆனால் லண்டனில் டிராம் போன இடத்துக்கு அதே நிர்வாகத்தின் பஸ் வந்தது. ஜனங்களுக்கு வழி தெரிந்துகொள்ளும் ஏற்பாடு அறுந்து போகவில்லை.

இங்கே ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்தது. பெக் தன் படத்தைக் கொண்டுபோய்க் காட்டிய அதே 1931-ல் பீச்–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது, அது ரயில்வேயின் சொத்து. 1947-லிருந்து பஸ் மாநில அரசிடம். 1997-ல் பறக்கும் ரயில் திருமயிலை வரை வந்தது. 2015-ல் மெட்ரோ வந்தது, அது இன்னொரு நிறுவனம். மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பஸ் நிலையத்தையும் இணைக்கும் 570 மீட்டர் நடைமேம்பாலம் திறந்தது 2023-ல்! ரயில் ஓடி 90 வருஷத்துக்கு மேல் ஆன பிறகு. எல்லாவற்றையும் ஒருங்கிணைக்க ஒரு குழுமம் வேண்டும் என்று 2010-ல் சட்டம் போட்டார்கள். பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே செயலியில் டிக்கெட் எடுக்கும் 'சென்னை ஒன்' 2025 செப்டம்பரில்தான் வந்தது. தாமதம்தான், ஆனால் சரியான திசை. லண்டனுக்கும் 70 வருஷம் ஆனது என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது லஸ்ஸிலும் மந்தைவெளியிலும் மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். தூசியைத் திட்டாத ஆள் இல்லை. ரயில் வரும், சந்தேகமில்லை. என் கவலை வேறு. அந்த ஆழத்திலிருந்து ஏறி மேலே வருகிறவருக்கு அடுத்த பஸ் எங்கே நிற்கும், எந்தப் பக்கம் போகும் என்று யாரையும் கேட்காமல் தெரியுமா? நிலையம் கட்டுகிறவர்கள் அதையும் கட்டடத்தின் ஒரு பகுதியாக நினைக்க வேண்டும். ஒரு கம்பம், ஒரு தெளிவான போர்டு, ஒரு வரைபடம். கோடிகளோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லாத செலவு.

ஒரு நகரம் பெரியதா என்பதை நான் கட்டடத்தை வைத்துப் பார்ப்பதில்லை. அந்த ஊர் பாஷை தெரியாத ஒருவர், யார் தயவும் இல்லாமல், போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர முடிகிறதா என்று பார்க்கிறேன். லண்டனில் நம் வீட்டு அம்மாக்கள் அந்த நிலையில் இருக்கிறார்கள். சென்னையில் அந்த நிலையில் இருப்பது, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் கட்டட வேலைக்கு வந்த பிள்ளைகள். தமிழ் படிக்கத் தெரியாமல் பஸ் போர்டில் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

ஆகவே வெளிநாட்டில் இருக்கும் என் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம். ஒரு சனிக்கிழமை காரை வீட்டில் விட்டுவிட்டு அம்மா அப்பாவோடு பஸ்ஸிலும் ரயிலிலும் போங்கள். போகும்போது நீங்கள் வழி காட்டுங்கள், திரும்பும்போது அவர்கள் முன்னால் நடக்கட்டும். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. இங்கே இருப்பவர்களுக்கும் பாடம் உண்டு. நிறுத்தத்தில் யாராவது திகைத்து நின்றால், அவர் கேட்பதற்கு முன் நீங்கள் கேளுங்கள்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் வெளியூரில் முதன்முதலாகத் தனியே போய் வந்த கதை இருந்தால் கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றாகப் படிக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்