கோவிட்-19 பெருந்தொற்றும் உடற்பருமன் அறுவை மருத்துவமும்

கோவிட்-19 பெருந்தொற்றின்போது, உடல் எடையைக் குறைப்பதற்கான அறுவை மருத்துவம் 2020 ஆம் ஆண்டின் முற்பகுதியில் பல நாடுகளில் பெருமளவில் நிறுத்திவைக்கப்பட்டது. உடற்பருமன் உடையோருக்குக் கோவிட்-19 கடுமையாகும் வாய்ப்பு மிகுதி. எனவே, நோயின் கடுமையைக் கூட்டும் ஒரு நிலைக்கான மருத்துவம் அந்நோயின் பரவலாலேயே தள்ளிப்போனது இதன் முரண் ஆகும்.

பின்னணி

இவ்வறுவை மருத்துவத்தில் இரு முறைகள் பரவலாக உள்ளன. ஒன்று, இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கி எஞ்சியதைக் குழல் வடிவில் அமைப்பது. மற்றொன்று, இரைப்பையின் மேற்பகுதியில் சிறு பை அமைத்து அதைச் சிறுகுடலுடன் இணைக்கும் மாற்றுவழி (பைபாஸ்) முறை. இவை எடையைக் குறைப்பதுடன் இரண்டாம் வகை நீரிழிவு, உயர் குருதி அழுத்தம், உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுதல் ஆகியவற்றையும் தணிக்கின்றன.

தள்ளிவைப்பு

உலக சுகாதார அமைப்பு 2020 மார்ச் 11 அன்று கோவிட்-19 ஐப் பெருந்தொற்றாக அறிவித்தது. இதைத் தொடர்ந்து, அவசரமற்ற அறுவைகளைத் தள்ளிவைக்குமாறு அமெரிக்கா, ஐக்கிய இராச்சியம் உள்ளிட்ட நாடுகளில் அறிவுறுத்தப்பட்டது. உடற்பருமன் அறுவை மருத்துவர்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பும் இதையே பரிந்துரைத்தது. இதற்கான காரணங்கள்:

* படுக்கைகள், செயற்கைச் சுவாசக் கருவிகள், பாதுகாப்பு உடைகள் ஆகியவற்றைக் கோவிட் நோயாளிகளுக்கு ஒதுக்க வேண்டியிருந்தது.
* லேப்ரோஸ்கோப்பி முறையில் வயிற்றினுள் செலுத்தப்படும் வளிமம் வெளியேறும்போது தீநுண்மி பரவக்கூடும் என்ற ஐயம் இருந்தது. ஆகவே வடிகட்டிகள் பரிந்துரைக்கப்பட்டன.
* அறுவையை ஒட்டித் தொற்றுக்குள்ளானோரின் நிலை கவலைக்குரியதாக இருந்தது. பலவகை அறுவைகளுக்கு உள்ளான இத்தகைய 1,128 பேரை ஆராய்ந்த பன்னாட்டு ஆய்வில், 30 நாட்களுக்குள் 23.8% பேர் இறந்தது தெரியவந்தது.

இடையூறு உச்சத்தில் இருந்த 12 வாரங்களில் உலகளவில் அனைத்து வகையிலும் சேர்த்து ஏறத்தாழ 2 கோடியே 84 இலட்சம் அறுவைகள் கைவிடப்படும் அல்லது தள்ளிப்போகும் என 2020 மே மாதத்தில் மதிப்பிடப்பட்டது.

முன்னுரிமை பற்றிய விவாதம்

நாள் குறித்துச் செய்யப்படும் அறுவை ஆங்கில மருத்துவ வழக்கில் "எலெக்டிவ்" எனப்படுகிறது. இச்சொல் அவசரநிலை அல்லாததைக் குறிக்குமேயன்றித் தேவையற்றதைக் குறிக்காது. எனினும் உடற்பருமன் அறுவை விருப்பத்தின்பேரில் செய்துகொள்ளப்படுவது என்ற எண்ணம் வேரூன்றியிருந்தது. அமெரிக்க உடற்பருமன் அறுவை மருத்துவர்களின் சங்கம் 2020 இல் இதை மறுத்து, இது காலம் தாழ்த்தக்கூடாத மருத்துவம் என அறிவித்தது.

இலண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த பிரான்செஸ்கோ ரூபினோ முதலியோர் அதே ஆண்டில் மருத்துவ இதழொன்றில் பரிந்துரைகளை வெளியிட்டனர். உடல் நிறைச் சுட்டெண்ணை மட்டும் கொண்டு வரிசைப்படுத்தாமல், நோயின் கடுமையையும் தாமதத்தால் நேரக்கூடிய தீங்கையும் கருத வேண்டும் என்பது அவற்றின் சாரம். கட்டுக்கடங்காத நீரிழிவு உடையோரும், உறுப்பு மாற்றத்துக்கு முன் எடை குறைக்க வேண்டியோரும் இவ்வகையில் முன்னுரிமை பெறுவர்.

நோயாளர் பராமரிப்பு

அறுவைக்குப் பின்னர் நோயாளிகள் நெடுங்காலம் கண்காணிக்கப்பட வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம், உயிர்ச்சத்துக்கள் டி, பி12 ஆகியவை குறையக்கூடும். தொடர் வாந்தி உடையோருக்குத் தயமின் (பி1) குறைந்து நரம்புகள் பாதிக்கப்படலாம். பொதுமுடக்கக் காலத்தில் இக்கண்காணிப்பு தொலைபேசி, நிகழ்படம் வழியே தொடர்ந்தது. இந்தியாவில் தொலைமருத்துவ நெறிமுறைகள் 2020 மார்ச் 25 அன்று வெளியிடப்பட்டன. ஆயினும் குருதிப் பரிசோதனைக்கும் வயிற்றுவலிக்கான நேரடிப் பரிசோதனைக்கும் இவை மாற்றாகா. உடற்பயிற்சி குறைந்ததும், மன உளைச்சலால் உணவுப் பழக்கம் மாறியதும் எடை மீண்டும் கூட ஏதுவாயின.

ஆய்வு முடிவுகள்

2020 மே முதல் அக்டோபர் வரை 42 நாடுகளில் உடற்பருமன் அறுவை செய்துகொண்ட 7,000 பேருக்கு மேற்பட்டோரை ஆராய்ந்ததில், 30 நாள் இறப்பு வீதம் 0.14% ஆக இருந்தது. தகுந்த முன்காப்புடன் அறுவைகளை மீண்டும் தொடங்கலாம் என்பதற்கு இது சான்றாயிற்று.

அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக் 2021 இல் வெளியிட்ட ஆய்வு, முன்னரே அறுவை செய்துகொண்டோரைச் செய்யாதோருடன் ஒப்பிட்டது. தொற்று வீதம் இரு குழுவிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஆனால் அறுவை செய்துகொண்டோரிடையே மருத்துவமனையில் சேர்க்கப்படும் இடர் 49% உம், கடுமையான நோயின் இடர் 60% உம் குறைவாக இருந்தன. இது நோக்கீட்டு ஆய்வு ஆதலால் காரண காரியத் தொடர்பை முற்றாக நிறுவாது.

பிற்கால நிலை

தொற்றிலிருந்து மீண்டோருக்கு, இயலுமாயின், குறைந்தது 7 வாரங்கள் கழித்தே அறுவை செய்ய வேண்டும் என 2021 இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று பரிந்துரைத்தது. உலக சுகாதார அமைப்பு 2023 மே 5 அன்று கோவிட்-19 தொடர்பான உலகளாவிய அவசரநிலை முடிவுற்றதாக அறிவித்தது.

இவற்றையும் பார்க்க

* உடற்பருமன்
* நீரிழிவு நோய்
* தொலைமருத்துவம்