சீதன வீடும் வாடகை வீடும்

வேலணைத் தீவின் சாட்டி போன்ற ஊர்களில் வீடு பெரும்பாலும் பெண்ணுக்குச் சீதனமாகவே வந்துள்ளது. மணமகன் மனைவியின் வீட்டிற் குடிபுகுவதும் அங்கு வழக்காறாகும். அத்தகைய வீட்டில் கணவனின் கொடுமைக்கு ஆளாகும் பெண்ணுக்கு உள்ள உரிமை யாது? அதனைவிட்டு வெளியேற விரும்பின் அவளுக்குள்ள வழி யாது? இவ்வினாக்கள் யாழ்ப்பாணச் சட்ட வரலாற்றின் துணையுடன் நோக்கற்பாலன.

ஒல்லாந்தர் ஆட்சியில், 1707 இல், திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தேசவழமையைத் தொகுத்தார். முதலியார்கள் பன்னிருவர் அதனை ஆராய்ந்து ஏற்றனர். கணவனும் மனைவியும் பிணங்கிப் பிரிந்து வாழின் பிள்ளைகள் பொதுவாகத் தாயின் பக்கமே நிற்பர் என்றும், அந்நிலையில் அவளது சீதனத்தில் எதனையும் கணவன் பிறர்க்கு நன்கொடையாக வழங்கலாகாது என்றும் அத்தொகுப்புக் கூறுகின்றது. பிணக்குற்ற வேளையில் கணவனின் கையைக் கட்டும் நோக்கு இவ்விதியிற் புலனாகின்றது.

1911 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் மனைவியின் தனிச்சொத்தை அவளுக்கே உரியதாக்கியது. எனினும், நிலத்தையும் வீட்டையும் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதத்தை வேண்டியது. அவன் கைவிட்டுச் சென்றாலோ, நியாயமின்றி மறுத்தாலோ அவள் மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம். ஆகவே, வீட்டை விற்று வேறிடம் செல்ல எண்ணிய பெண், தன்னை அடித்தவனின் கையொப்பத்தையே முதலிற் கேட்க வேண்டியவளானாள்.

1990 இல் போரினால் தீவகத்தார் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். சீதன வீட்டைப் பிரிந்த பெண்கள் பலர் பிறர் வீடுகளில் வாழ நேர்ந்தது. வாடகை வீட்டிலோ 1707 ஆம் ஆண்டு விதி துணைக்கு வாராது. 1972 ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் குடியிருப்போரை வீட்டுச் சொந்தக்காரரிடமிருந்து காக்க எழுந்தது. கணவனின் வன்முறை அதன் பொருளன்று. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இக்குறையை ஓரளவு நீக்கியது. கொடுமை செய்தவன் குடியிருப்பினுள் நுழைவதை நீதவான் நீதிமன்றம் பன்னிரண்டு மாதங்கள் வரை தடுக்கலாம். ஆயினும், தவணை முடியுமுன் வாடகை ஒப்பந்தத்தை விட்டு நீங்க விரும்புபவளுக்கு அச்சட்டம் வழி வகுக்கவில்லை.

ஈழத்தமிழர் பெருமளவிற் குடியேறிய ஒன்ராறியோ மாகாணத்தில், 2016 முதல், வன்முறைக்கு அஞ்சும் வாடகைக்காரர் 28 நாள் முன்னறிவித்தலுடன் ஒப்பந்தத்தினின்று விலகலாம். நீதிமன்றக் கட்டளை இல்லாவிடினும் அவரது எழுத்துமூல வாக்குமூலம் போதுமானது. கணவனின் கையொப்பம் வேண்டியதில்லை.

வீட்டில் அஞ்சாது இருத்தலும் அதனைவிட்டுக் கடன்படாது வெளியேறுதலும் ஒரே உரிமையின் இரு கூறுகளாம். சீதனத்துக்குக் காவலிட்ட பழைய வழமையின் நோக்கு, இலங்கையின் வாடகைச் சட்டத்துக்கும் விரிதல் வேண்டும்.