எட்ஃபு ஹோரஸ் கோயில்

எகிப்தில் லக்சருக்கும் அஸ்வானுக்கும் இடையே செல்லும் நைல் பயணக் கப்பல்கள் தவறாமல் நிற்கும் ஊர் எட்ஃபு. லக்சரிலிருந்து தெற்கே சுமார் 110 கி.மீ. தொலைவில், ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கிறது. பருந்துத் தலை கொண்ட ஹோரஸுக்கு இங்கே எழுப்பப்பட்ட மணற்கல் கோயில், எகிப்தின் பழங்கோயில்களில் மிகக் குறைவாகச் சிதைந்தவற்றுள் ஒன்று. கூரைகூடப் பெரும்பாலும் அப்படியே நிற்கிறது.

கோயில் ஆற்றங்கரையை ஒட்டி இல்லை. கப்பலிலிருந்து இறங்கியதும் குதிரை வண்டிக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். பேரம் முடித்து ஊருக்குள்ளே புகுந்து போக வேண்டும்.

படகில் வந்து இங்கே சேர்வது சுற்றுலாக்காரர்கள் தொடங்கிய வழக்கமல்ல. வடக்கே தெந்தேராவில் கோயில் கொண்ட ஹாத்தோர் தேவியின் சிலை, ஆண்டுதோறும் கோடைக்கால அமாவாசையை ஒட்டி 150 கி.மீ.க்கும் அதிகமான தூரத்தைப் படகிலேயே கடந்து, எதிர்நீரோட்டத்தில் எட்ஃபுவுக்கு வந்தது. ஹோரஸுடன் பௌர்ணமி வரை தங்கிவிட்டுத் திரும்பியது. அந்தப் படகு ஊர்வலம், 36 மீட்டர் உயர நுழைவாயில் கோபுரத்தின் உட்புறச் சுவரில், அடிப்பகுதியில் செதுக்கப்பட்டுள்ளது. முற்றத்துக்குள் நுழைகிறவர்களின் முதுகுப்பக்கம் அது அமைந்திருப்பதால், திரும்பிப் பார்க்காதவர்கள் தவறவிடுகிறார்கள்.

பலர் நினைப்பதுபோல இது பிரமிடு காலத்துக் கோயில் அல்ல. கி.மு. 237இல் மூன்றாம் தாலமி காலத்தில் அடிக்கல் நாட்டியபோதே கீசாவின் பெரிய பிரமிடுக்கு வயது சுமார் 2,300. தாலமிகள் மாசிடோனிய வழிவந்த அரசர்கள். சுவர்களிலோ பழைய ஃபாரோக்களைப் போலவே உடுத்தி நிற்கிறார்கள். இடையில் தென் எகிப்தில் மூண்ட கிளர்ச்சியால் வேலை நின்றுபோனது. எல்லாம் முடியக் கி.மு. 57 ஆயிற்று. இந்தக் கணக்குகள் கோயில் கல்வெட்டுகளிலேயே பொறிக்கப்பட்டிருப்பது ஆய்வாளர்களுக்குக் கிடைத்த பெரிய வரம்.

உள்ளே போகப் போகத் தரை உயர்கிறது, கூரை தாழ்கிறது, வெளிச்சம் குறைகிறது. வாசனைத் தைலங்களின் செய்முறைகளைச் சுவரில் எழுதிவைத்த சிற்றறை ஒன்று வழியில் இருக்கிறது. கருவறையிலுள்ள ஒற்றைக் கல் மாடம் கோயிலைவிட மூத்தது: ஃபாரோ இரண்டாம் நெக்தனேபோ செய்துவைத்தது. அதன் முன்னே நிற்கும் மரப்படகு இக்காலத்து நகல்தான்.

சுற்று மதிலின் உட்புறத்தில் ஹோரஸ் தன் பகைவன் சேத்தை ஈட்டியால் குத்துகிறார். நீர்யானையாக வந்த சேத்தைச் சிற்பிகள் மிகச் சிறியதாகவே செதுக்கினார்கள். தீய சக்தியைக் கல்லில்கூடப் பெரிதாக வடிக்க அஞ்சினார்கள் என்பது வழக்கமான விளக்கம். பார்க்கையில் நம்பத்தான் தோன்றுகிறது.

வழிபாடு நின்றபின் பல உருவங்கள் கொத்திச் சிதைக்கப்பட்டன. மண்டபக் கூரையில் படிந்த கரி, கிறிஸ்தவர்கள் வைத்த தீயால் வந்தது என்று கருதப்படுகிறது. பிறகு மணலும் வண்டலும் மூடி, கூரைமேலேயே ஊரார் வீடு கட்டிக்கொண்டார்கள். அப்படிப் புதைந்து கிடந்ததுதான் கோயிலைக் காத்தது. 1860இல் பிரெஞ்சு ஆய்வாளர் ஓகுஸ்த் மரியெத் வீடுகளை அகற்றி மணலை அள்ளத் தொடங்கினார்.

அஸ்வான் நோக்கிப் போகையில் அடுத்து வரும் கோம் ஓம்போ கோயில் ஆற்றின் விளிம்பிலேயே நிற்கிறது. இறங்கி நடந்தாலே போதும், வண்டி வேண்டாம். ஆனால் அதன் முகப்பில் ஒரு பகுதியை நைலே அரித்துக்கொண்டு போய்விட்டது.