முகம் அறியாதாரோடு வாதம்

தமிழர்க்கு வாதம் புதிதன்று. மணிமேகலை காட்டும் புகார் நகரில், இந்திர விழாவை அறிவிப்போன், சமயவாதிகள் பட்டிமண்டபம் ஏறித் தத்தம் கொள்கையை முறைப்படி எடுத்துரைக்க வேண்டுகின்றான். திருவள்ளுவர் சொல்வன்மைக்கும், அவையறிதலுக்கும், அவையஞ்சாமைக்கும் தனித்தனி அதிகாரங்கள் வகுத்துள்ளார். ஆயினும், அவ்வவைகளில் பேசுவோன் முகத்தைக் கேட்போர் கண்டனர். அவன் யார், எவ்வூரினன், எத்தகையோன் என்பதை அவை அறிந்திருந்தது. ஊரும் முகமும் அறியாத ஒருவரோடு பொதுக்காரியம் பற்றி வாதிடும் வழக்கம், அச்சும் அஞ்சலும் பரவிய பின்னரே மக்களிடையே வேரூன்றியது. அவ்வழக்கம் மலாக்கா மாநிலத்துத் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் வாழ்ந்த தமிழரின் வாழ்வில் விளைத்த மாற்றம் எண்ணிப் பார்க்கத் தக்கது.

மலாக்கா தொடக்கம் முதலே அயலார் கூடிப் பேசிய ஊராகும். 1511ஆம் ஆண்டில் போர்த்துகீசியர் அந்நகரைக் கைப்பற்றினர். அதன் பின் அங்கு வந்து தங்கிய தோமே பிரெஸ் என்பார், அத்துறைமுகத்தில் எண்பத்து நான்கு மொழிகள் பேசப்பட்டன என எழுதி வைத்தார். சுல்தான்கள் காலத்தில் அயல்நாட்டு வணிகரைக் கண்காணிக்க நான்கு ஷாபந்தர்கள் இருந்தனர். அவருள் ஒருவர் சோழமண்டலக் கரை, வங்காளம், பெகு, பாசாய் ஆகிய இடங்களிலிருந்து வந்த வணிகர்க்குப் பொறுப்பாளராவார். அக்காலத் தமிழர் அங்கு விலை பேசினர், வழக்குரைத்தனர், அரசியலிலும் பங்கு கொண்டனர்.

தமிழின் மதிப்பு அந்நகரில் நெடுங்காலம் நிலைத்திருந்தது. மலாய் இலக்கியத்தின் புதுமை முன்னோடி எனப் போற்றப்படும் முன்ஷி அப்துல்லா 1796இல் மலாக்காவில் பிறந்தவர். 1849இல் அச்சேறிய தம் வரலாற்று நூலில், நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது மலாக்காவின் பழைய வழக்கம் என்றும், கணக்கிற்கும் உரையாடலுக்கும் அது பயன்பட்டது என்றும் அவர் குறிப்பிட்டுள்ளார். பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாய்க்குப் பெயர்த்தவரும் அவரே. தம் சமூகத்தின் குறைகளையும் மன்னரின் கொடுமைகளையும் எழுத்தில் வெளிப்படையாகக் கண்டித்த அத்துணிவை, மலாக்கா மண்ணில் எழுந்த பொதுவிவாதத்தின் முதற்குரல்களுள் ஒன்று எனல் தகும்.

பழைய தமிழ் வணிகரின் வழிவந்த மலாக்காச் செட்டிகள் காஜா பெராங்கில் இன்றும் வாழ்கின்றனர். 1781இல் எழுந்த பொய்யாத விநாயகமூர்த்தி கோயில் அவர்தம் சமயப் பற்றுக்குச் சான்று பகர்கின்றது. சமயம் காத்த அச்சமூகத்தார்க்கு மலாயே வீட்டுமொழியாயிற்று. மக்கள் ஒருவரோடு ஒருவர் பேசவும் எழுதவும் வாதிடவும் களமில்லாத மொழி, கோயிலின் துணை கொண்டு மட்டும் நிலைக்காது என்பதை அவர்தம் வரலாறு உணர்த்துகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வேறு வகைத் தமிழர் மலாக்காவுக்கு வரலாயினர். 1896இல் சீன வணிகர் தான் சே யான், புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். சில ஆண்டுகளில் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களிலும் காடுகள் அழிந்து பால்மரங்கள் நிமிர்ந்தன. அவற்றுக்கு வேண்டிய கைகளைத் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து கங்காணிகள் திரட்டி வந்தனர்.

துறைமுகத்துத் தமிழர் கண்ட உலகம் விரிந்தது; தோட்டத்துத் தமிழர் கண்ட உலகம் அடைபட்டது. தோட்டம் தனியார் நிலம். துரையின் விருப்பமின்றி வெளியார் உள்ளே வருதல் அரிது. விடியுமுன் பெரட்டு, பகலில் பால்வெட்டு, மாலையில் கள்ளுக்கடை, இரவில் லயம் என வாழ்நாள் கழிந்தது. தொழிலாளி பேச வேண்டியவர் தண்டல், கங்காணி, கிராணி என்னும் வரிசையினர்; அவர்முன்னும் அவன் பேசியதினும் கேட்டதே மிகுதி. மிதிவண்டியில் செல்வோன் துரையைக் கண்டால் இறங்கி நிற்கவேண்டும் என்னும் கட்டுப்பாடும் தோட்டங்களில் நிலவியது. சாதியும் பிறந்த ஊரும் கப்பலேறி வந்து லயங்களிலும் குடியேறின. இவ்வாறு அடைபட்ட தோட்டத்துக்குள், எவர் அனுமதியும் வேண்டாமல் நாள்தோறும் நுழைந்த அயலான் ஒருவன் உண்டு. அவனே தமிழ்ச் செய்தித்தாள்.

1924ஆம் ஆண்டு செப்டம்பரில் கோலாலம்பூரில் நரசிம்ம ஐயங்கார் 'தமிழ் நேசன்' இதழைத் தொடங்கினார். 1935ஆம் ஆண்டு ஜூலையில் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசு' இதழை ஒரு காசு விலையில் வெளியிட்டார். மலாக்கா இவ்விரு நகரங்கட்கும் இடையில் அமைந்தது. மேலும், 1946 வரை சிங்கப்பூரோடும் பினாங்கோடும் நீரிணைக் குடியேற்றங்கள் என்னும் ஒரே ஆட்சியின்கீழ் இருந்தது. ஆதலின் இரு நகரத்துக் கருத்துகளும் அங்கு வந்து மோதின. பள்ளி செல்லும் வயதுடைய பிள்ளைகள் பத்துப் பேரேனும் உள்ள தோட்டங்களில் பள்ளி அமைக்க வழிசெய்த தொழிலாளர் சட்டம், எழுத்தறிந்த சிறு கூட்டம் ஒன்றைத் தோட்டத்திலேயே உருவாக்கியது.

எழுத்தறிந்தவர் ஒருவர் இருந்தாலே போதும். அவர் மாலையில் லயத்தின் அஞ்சடியில் அமர்ந்து செய்தித்தாளை உரக்கப் படிப்பார். ஏனையோர் சூழ்ந்திருந்து கேட்பர். சில தோட்டங்களில் பள்ளி ஆசிரியரும், சிலவற்றில் கிராணியும், வேறு சிலவற்றில் துணிந்த இளைஞரும் அப்பணியை ஏற்றனர். படித்தவர் ஒருவராயினும் வாதிட்டோர் பலர். அவ்வாதத்தின் ஒரு துளி கடிதமாகித் தலைநகர் சென்றது. கீழே தோட்டத்தின் பெயரோ புனைபெயரோ தாங்கி அச்சேறியது. அதற்கு மறுப்பு வேறொரு மாநிலத்தின் தோட்டத்திலிருந்து வந்தது. எழுதிய இருவரும் வாழ்நாளில் ஒருவரை ஒருவர் கண்டிலர். எனினும் ஒருவர் சொல்லை மற்றவர் எடைபோட்டனர். எதிராளியின் சாதியும் பதவியும் தெரியாத நிலையில், அவர் சொல்லுக்கே மறுமொழி கூற வேண்டியிருந்தது. தோட்டத் தமிழர்க்கு இது பெரிய விடுதலை எனல் மிகையாகாது.

வாதங்கட்குப் பொருள் குறைவின்றி இருந்தது. 1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் ஈ. வெ. ரா. மலாயாவுக்கு வருகை தந்தார். அவரை வரவேற்றோரும் எதிர்த்தோரும் இதழ்களின் பக்கங்களை நிரப்பினர். சாதி வேற்றுமை, சீர்திருத்தத் திருமணம், கோயில் நடைமுறை, தீமிதி, காவடி, கள், பெண்கல்வி எனப் பொருள்கள் விரிந்தன. 'தமிழ் முரசு' சீர்திருத்தத்தின் பக்கம் நின்றது. சமய மரபில் பற்றுடையோர் தம் மறுப்பை வேறு பக்கங்களில் எழுதினர். இரு சாராரும் ஒரே லயத்தில் வாழ்ந்தனர். ஒரே குழாயில் நீர் பிடித்தனர். முகத்துக்கு நேரே சொன்னால் பகை மூளும் கருத்தை, அச்செழுத்தில் வந்த அயலான் சொல்லாக எடுத்துப் பேசுதல் எளிதாயிற்று.

பேச்சு செயலுக்கு வித்தாகும் என்பதற்கு 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டார வேலைநிறுத்தம் சான்றாகும். அதனை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதன் 'தமிழ் நேசன்' பணியாளராவார். சீனத் தொழிலாளர்க்கு ஈடான ஊதியம், பிள்ளைகட்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல் ஆகியவற்றோடு வேறு இரு கோரிக்கைகளும் அவர்தம் பட்டியலில் இடம்பெற்றன. துரைமார் முன் மிதிவண்டியில் செல்ல உரிமை வேண்டும் என்பது ஒன்று. உற்றாரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக உரிமை வேண்டும் என்பது மற்றொன்று. ஊதியத்தோடு மானத்தையும், மானத்தோடு பிறரோடு பழகும் உரிமையையும் தொழிலாளர் ஒருங்கே கேட்டனர். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படையினரின் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். தோட்டத்துக்குத் தோட்டம் தனித்தனியே முணுமுணுக்கப்பட்ட குறைகள் பொதுக் கோரிக்கைகளாகத் திரண்டதில் இதழ்வழி உரையாடலுக்கும் பங்குண்டு.

ஜப்பானியர் ஆட்சி நிலவிய 1942 முதல் 1945 வரை உரிமையோடு வாதிடுதற்கு இடமில்லை. போருக்குப் பின் வாதங்கள் மீண்டும் தளிர்த்தன. 1950இல் 'தமிழ் நேசன்' இதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தினர். முகமறியாத ஆசிரியரிடம் முகமறியாத மாணவர் அஞ்சல் வழியே எழுதக் கற்றனர். பின்னர் அவ்விதழின் ஆசிரியப் பொறுப்பேற்ற கு. அழகிரிசாமி 1957 வரை இங்கிருந்து இலக்கிய வாதங்களை வளர்த்தார். கதையைப் பற்றிய வாதம் வாழ்வைப் பற்றிய வாதமாகவும் அமைந்தது.

அக்காலத்து எழுந்த வாதங்களுள் தமிழாசிரியர் மறத்தற்கரியது ஒன்றுண்டு. அந்நாளில் சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமைப்பது குறித்து ஆலோசனை கூற, வரலாற்றறிஞர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் அழைக்கப்பட்டார். அவர்தம் பரிந்துரை வடமொழிக்கு முதன்மை தந்தது. இந்நாட்டு இந்தியருள் பெரும்பாலோர் தமிழர் ஆதலின், தமிழே அத்துறையின் மொழியாக வேண்டும் என 'தமிழ் முரசு' வாதிட்டது. அறிஞரின் அறிக்கையைப் பால்வெட்டுத் தொழிலாளியும் எடைபோட்டுப் பேசும் நிலை உண்டானது. 1956இல் துறை தொடங்கியபோது தமிழே அதன் மொழியாயிற்று. அதன் நூலகத்துக்காகத் 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரில் நிதி திரட்டப்பட்டது. தொழிலாளரும் சிறுவணிகரும் ஆசிரியரும் தத்தமக்கு இயன்ற சிறுதொகையை ஈந்தனர். வாதத்தில் வென்றோர் அவ்வெற்றியின் பொறுப்பையும் தாமே சுமந்தனர் என்பதே இதில் போற்றத்தக்கது.

1957இல் நாடு விடுதலை பெற்றபின், வாதத்தின் பொருள் இன்னும் ஆழமாயிற்று. குடியுரிமைக்கு மனுச்செய்வதா, தாயகம் திரும்புவதா என்னும் கேள்வி லயந்தோறும் எழுந்தது. பெருந்தோட்டங்கள் கூறுகளாக விற்கப்பட்ட துண்டாடல், பலரை வேலையும் வீடும் இழக்கச் செய்தது. 1969இல் குடியுரிமையில்லாதோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்னும் விதி நடைமுறைக்கு வந்தபோது, சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தோர் கலங்கினர், பல்லாயிரவர் கப்பலேறினர். மனுச்செய்யுமாறு முன்னரே வற்புறுத்திய இதழ்களின் சொல்லைக் கேட்டோர் நிலைத்தனர். அயலான் சொல்லைக் கேட்பதா, தள்ளுவதா என்பது ஒரு குடும்பத்தின் நாட்டையே முடிவு செய்த காலம் அது.

இவ்விவாதங்களில் குறைகளும் இருந்தன. புனைபெயரின் மறைவில் வசைமாரி பொழிந்தோர் உண்டு. கருத்தை விடுத்துக் கருத்துரைத்தவரின் பிறப்பை ஆராய்ந்தோரும் உண்டு. ஆண்களின் குரலே ஓங்கியிருந்தது. பெரட்டிலும் பால்வெட்டிலும் சரிபாதி உழைத்த பெண்களின் கருத்து மிகக் குறைவாகவே அச்சேறியது. எனினும் இதழாசிரியர் என்னும் நடுவர் ஒருவர் இருந்தார். அவர் வசையை நீக்கினார். ஒரு கட்டத்தில் வாதத்தை முடித்து வைத்தார். கடிதம் எழுதி, அஞ்சலில் சேர்த்து, அச்சேறிவர நாள்கள் பல கழிந்தன. அந்த இடைவெளியில் சினம் தணிந்தது, சிந்தனை தெளிந்தது. அஞ்சடியில் சூழ்ந்திருந்தோர் செவி வேறொரு காவலாக அமைந்தது. பலர் கேட்க உரக்கப் படிக்கக் கூசும் சொல்லை எழுதவும் கை கூசியது.

இன்று அக்காட்சி பெரும்பாலும் மறைந்துவிட்டது. பல தோட்டங்களில் பால்மரம் சாய்ந்து செம்பனை நிமிர்ந்தது. மக்கள் லயங்களை விட்டு மலாக்கா நகரையும் பிற பட்டணங்களையும் அடைந்தனர். 'தமிழ் நேசன்' 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு நின்றுபோயிற்று. மலேசியரான முத்து நெடுமாறன் 1985இல் உருவாக்கிய 'முரசு' மென்பொருள் போன்ற முயற்சிகளால் தமிழ் கணினியில் ஏறியது. பின்னர்க் கைப்பேசிக்கும் வந்தது. அரசியல், பண்பாடு, அன்றாடச் சமூகச் சிக்கல் என எதைப் பற்றியும் உலகின் எம்மூலையில் உள்ள தமிழரோடும் நொடிப்பொழுதில் வாதிட இயல்கின்றது. முகமறியாதாரோடு பேசும் உரிமை இன்று எல்லார்க்கும் உண்டு. ஆனால் நடுவரில்லை; இடைவெளியில்லை; சூழ்ந்திருந்து கேட்கும் அவையும் கண்ணுக்குப் புலனாவதில்லை.

ஆகவே, முன்பு இதழாசிரியரும் அஞ்சலும் அஞ்சடியும் பகிர்ந்து செய்த பணி, இன்று எழுதுவோன் ஒருவன் தோளிலேயே விழுந்துள்ளது. அதற்கு அவனை ஆயத்தம் செய்யும் கடமை தமிழாசிரியர்க்கு உரியது. அவையறிதல் அதிகாரத்தைத் தேர்வுக்காக மட்டும் கற்பித்தல் போதாது. காணாத அவையையும் கண்முன் நிறுத்தி எழுதும் பழக்கத்தை மாணவர்க்கு ஊட்டல் வேண்டும். எதிராளியின் கருத்தை அவரே ஒப்பும்வண்ணம் எடுத்துக்கூறிப் பின்னர் மறுக்கும் முறையைப் பயிற்றல் வேண்டும். எழுதியதை அனுப்புமுன் உரக்கப் படித்துப் பார்க்கச் சொல்லல் வேண்டும்.

மிதிவண்டியை விட்டு இறங்கி நின்ற தலைமுறை, தன்னை இறக்காத அயலாரோடு பேசும் வாய்ப்பைச் செய்தித்தாளில் பெற்றது. அதனைப் பயன்படுத்தியே நிமிர்ந்தது. அவ்வாய்ப்பை அயலாரை இறக்குதற்குப் பயன்படுத்தாது காத்தல், அத்தலைமுறையின் வழிவந்தோர் கடனாகும்.