அலிப்பியுஸ் திறந்த கண்கள்: இம்சை விளையாட்டைப் பற்றிய கிறிஸ்தவ விசாரணையின் சரித்திரம்

ஜொகூர் நீரிணையைக் கடந்து சிங்கப்பூரின் துவாஸைத் தொடும் இரண்டாம் இணைப்புப் பாலம் 1998ஆம் ஆண்டில் திறக்கப்படும் வரையில், கெலாங் பாத்தா என்பது பால்மரத் தோட்டங்களும் செம்பனைத் தோட்டங்களும் மீனவக் கம்பங்களும் சூழ்ந்த ஒரு சிற்றூராகவே இருந்து வந்தது. பாலத்தையடுத்துத் தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகம் எழுந்தது. 2012இல் சற்றுத் தொலைவில் லெகோலேண்ட் என்னும் பொம்மை உலகமும் எழுந்தது. தோட்டத்து லயங்களில் பிறந்த தமிழர்களின் பேரப்பிள்ளைகள் தாமான் வீடுகளில் கைப்பேசியும் கையுமாக வளரலாயினர். அத்தமிழருள் சிறுபான்மையோர் கிறிஸ்தவர்கள். 1972இல் அமைந்த மலாக்கா-ஜொகூர் மறைமாவட்டத்துக் கத்தோலிக்கரும், மெதடிஸ்டு, லுத்தரன் சபையினரும், பின்வந்த பெந்தெகொஸ்தே ஐக்கியத்தாரும் அவர்களுள் அடங்குவர். நூறு பேர் ஒரு தீவில் வந்திறங்கி, ஒருவர் மட்டும் எஞ்சும் வரையில் ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்தும் பப்ஜி போன்றதொரு விளையாட்டை ஆடுவது பாவமாகுமா என்ற கேள்வி இச்சபைகளின் வாலிபர் கூட்டங்களில் எழும்போது, கேட்பவரும் பதிலளிப்பவரும் அதனை இந்தத் தலைமுறைக்கே உரிய புதுச் சங்கடமாகக் கருதுவது வழக்கம். ஆனால் இம்சையை வேடிக்கையாக்கலாமா என்ற விசாரணைக்குக் கிறிஸ்தவ சமயத்தில் ஆயிரத்தெண்ணூறு ஆண்டுக்கும் மேற்பட்ட பழமை உண்டு. அது காலந்தோறும் உருமாறி வந்த விதத்தை ஆராய்ந்தாலன்றி இன்றைய பதில்களின் பலமும் பலவீனமும் விளங்கா.

கி.பி. 177ஐ ஒட்டி, கிறிஸ்தவர்கள் நரமாமிசம் புசிப்பவர்கள் என்று உரோமாபுரியில் பரவியிருந்த அபவாதத்தை மறுத்துச் சக்கரவர்த்தி மார்க்கஸ் அவுரேலியுஸுக்கு விண்ணப்பம் வரைந்த ஏதென்ஸ் நகரத்து அத்தெனகோராஸ், ஒருவன் கொல்லப்படுவதைப் பார்த்து நிற்பதே கொலைக்கு அணித்தானது என்று எண்ணி, வாட்போர்க் காட்சிகளுக்குக்கூடச் செல்லாதவர்கள் எவ்வாறு கொலை செய்வார்கள் என்று வாதிட்டார். சுமார் இருபது ஆண்டுகளுக்குப் பின்னர்க் கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன், காட்சிகளைப் பற்றியே தனி நூல் ஒன்று செய்தார். ஞானஸ்நானத்தில் சாத்தானையும் அவன் ஆடம்பரங்களையும் விட்டுவிடுவதாகச் சத்தியம் செய்தவன், விக்கிரகங்களின் பெயரால் நடக்கும் அரங்கில் போய் உட்காரலாகாது என்பது அவர் கூறிய முதற் காரணம். அங்கே உள்ளம் கொதித்துத் தன்வசம் இழக்கிறது என்பது இரண்டாவது. இவ்வளவு கண்டிப்பான ஆசிரியர், நூலின் இறுதியில், நியாயத்தீர்ப்பு நாளில் சமயத்தை வதைத்த அரசர்களும் அறிஞர்களும் நெருப்பில் வேகும் காட்சியை இவற்றினும் பெரிய வேடிக்கையாக வருணித்துத் தம் வாசகர்களைத் தேற்றுகிறார். காட்சியை வெறுத்தவருக்கும் காட்சியின் ருசி விட்டுப் போகவில்லை என்பதைக் கிப்பன் முதலிய பிற்காலச் சரித்திரக்காரர்கள் சுட்டிக் காட்டாமல் விடவில்லை.

ஆயினும் இவ்விஷயத்தில் ஆழமாகச் சென்றவர் தெர்த்துல்லியன் அல்லர்; அகுஸ்தீனாரே. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் அவர் இயற்றிய சுயசரிதையின் ஆறாம் பாகத்தில், தம் ஆப்த நண்பராகிய அலிப்பியுஸ் சட்டம் பயில உரோமாபுரிக்குச் சென்றிருந்தபோது நேர்ந்த சம்பவமொன்றை விவரிக்கிறார். வாட்போரை அருவருத்து வந்த அந்த இளைஞரைச் சகமாணவர் சிலர் வலிந்து அரங்குக்கு இழுத்துச் சென்றனர். உடலை அங்கே கொண்டு செல்லலாம், உள்ளத்தைக் கொண்டு செல்ல இயலாது என்று அவர் சவால் விட்டு, இருக்கையில் அமர்ந்ததும் கண்களை இறுக மூடிக்கொண்டார். எவனோ ஒருவன் வெட்டுண்டு வீழ, கூட்டம் முழுதும் ஒருங்கே ஆர்ப்பரித்தது. காதுகளையும் மூடத் தவறிய அலிப்பியுஸ், எதுவாயினும் கண்டு இகழ்ந்துவிடலாம் என்னும் துணிவில் கண்களைத் திறந்தார். குருதியைக் கண்ட அக்கணமே கொடுமையைப் பருகலானார் என்றும், வந்தபோது இருந்த மனிதராக அவர் இல்லை, வந்த கூட்டத்தில் ஒருவராகிவிட்டார் என்றும், மீண்டும் மீண்டும் அங்கே செல்லும் வெறியையும் பிறரை அழைத்துச் செல்லும் வேகத்தையும் கொண்டு திரும்பினார் என்றும் அகுஸ்தீனார் எழுதுகிறார்.

இங்கே நாம் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. அலிப்பியுஸ் எவரையும் கொல்லவில்லை. கொல்லப் போவதாக அகுஸ்தீனார் அஞ்சவும் இல்லை. அவர் பிற்காலத்தில் தகாஸ்தே நகரத்தின் ஆயராகவே ஆனார். நண்பரின் ஆத்மாவில் அந்தச் சில நாழிகைக்குள் நிகழ்ந்தது என்ன என்பதே அந்த வியாசத்தின் பொருள். இதற்கு முன்னரே, 325இல், குற்றவாளிகளை வாட்போருக்கு அனுப்புவதற்குப் பதிலாகச் சுரங்க வேலைக்கு அனுப்புமாறு கான்ஸ்டன்டைன் கட்டளையிட்டிருந்தும் காட்சிகள் நின்றபாடில்லை. கிழக்கிலிருந்து வந்த தெலமாக்குஸ் என்னும் துறவி அரங்கினுள் இறங்கிப் போரை விலக்க முயன்று, வேடிக்கை பார்க்க வந்தவர்களாலேயே கல்லால் அடித்துக் கொல்லப்பட்டபின் ஹொனோரியுஸ் சக்கரவர்த்தி அவற்றை ஒழித்தார் என்று திருச்சபைச் சரித்திரக்காரர் தியொதொரெத் குறித்துள்ளார்.

அரங்கில் வீழ்ந்தவன் மெய்யாகவே இறந்தான், திரையில் வீழ்பவன் நிழலுருவம் அல்லவா என்று இன்றைய வாலிபர்கள் கேட்பது நியாயமான கேள்வியே. அக்காரணம் பற்றி, மெய்ப்போருக்கும் பொய்ப்போருக்கும் நடுவே நின்ற ஒன்றை அடுத்து நோக்குவோம். மத்தியகால ஐரோப்பாவில் குதிரை வீரர்கள் தம் பராக்கிரமத்தைக் காட்டுவதற்கென்று கூடி ஆடிய டூர்னமென்ட் என்னும் போலிப் போரில், கொல்லும் நோக்கம் இல்லாதிருந்தும் உயிர்ச்சேதம் நேர்ந்து வந்தது. 1130இல் கிளெர்மோன் சங்கமும், 1139இல் இரண்டாம் இலாத்தரன் சங்கமும் இதைத் தடை செய்து, அதில் மாண்டவனுக்குப் பாவசங்கீர்த்தனத்தையும் அவஸ்தை நன்மையையும் மறுக்காவிடினும், திருச்சபையின் கல்லறையில் இடம் மறுத்தன. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஏட்டளவில் நின்ற அத்தடையை 1316இல் பாப்பரசர் இருபத்திரண்டாம் அருளப்பர் நீக்கினார். சிலுவைப் போருக்கு வீரர்கள் தேவைப்பட்டனர், அவர்களுக்குப் பயிற்சி தேவைப்பட்டது என்பதே காரணம். விளையாட்டின் தன்மை மாறவில்லை, ஆடுபவனின் உள்ளமும் மாறவில்லை. திருச்சபைக்கு அதனால் ஒரு பிரயோசனம் உண்டு என்று கண்ட அளவில் பாவம் என்னும் பெயர் கழன்று போயிற்று. இந்தப் பிரயோசன நியாயம் பிற்காலத்தில் மீண்டும் தலைகாட்டுவதைக் காண்போம். 1567இல் ஐந்தாம் பத்திநாதர் காளைப்போரை விலக்கியதையும், எட்டே ஆண்டுகளில் பதின்மூன்றாம் கிரகோரியார் அக்கட்டைத் தளர்த்தியதையும் இத்துடன் சேர்த்து நினைக்கலாம்.

முற்றும் விலக்குவது, பிரயோசனம் கண்டு அனுமதிப்பது என்னும் இவ்விரு துருவங்களுக்கும் நடுவே நிதானமாகப் பேசியவர் பதின்மூன்றாம் நூற்றாண்டின் தோமா அக்குவினார். உடலுக்கு ஓய்வு வேண்டியிருப்பதுபோல் உள்ளத்துக்கும் ஓய்வு வேண்டும், அந்த ஓய்வு விளையாட்டில் உண்டு, அளவறிந்து விளையாடுவது ஒரு புண்ணியமே என்று நிறுவிய அவர், மூன்று எச்சரிக்கைகளை உடன் வைத்தார்: ஆபாசமான அல்லது தீங்கு பயக்கும் செயல்களிலும் சொற்களிலும் இன்பத்தைத் தேடலாகாது, மனத்தின் நிதானம் முற்றிலும் குலையலாகாது, ஆளுக்கும் காலத்துக்கும் இடத்துக்கும் பொருந்த வேண்டும். நடிகரின் தொழில் தன்னளவில் பாவமன்று என்றும் அவர் துணிந்து கூறினார். இன்றைய போதகர்கள், உண்மையும் தூய்மையுமானவற்றையே சிந்திக்கச் சொல்லும் பிலிப்பியர் நிருபத்தின் நான்காம் அதிகாரத்து எட்டாம் வசனத்தை எடுத்து விரித்துரைப்பதைக் காட்டிலும் இம்மூன்று எச்சரிக்கைகளும் ஒரு வாலிபனுக்கு அதிகம் உதவும் என்பது என் அபிப்பிராயம்.

தமிழ்க் கிறிஸ்தவம் இவ்விவகாரத்தில் வெறுங்கையோடு நிற்கவில்லை. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கத்தோலிக்கர் ஆடிவந்த எஸ்தாக்கியார் நாடகம் முதலிய நாட்டுக்கூத்துகளிலும், தவக்காலத்தில் ஊர் கூடி நடத்தும் இயேசுவின் பாடுகளின் நாடகமாகிய பாஸ்காவிலும் சாட்டையடியும் வெட்டும் குத்தும் ஏராளம். மாற்றாந்தாயின் சூழ்ச்சியால் இரு கரங்களும் துண்டிக்கப்பட்டுக் காட்டில் விடப்பட்ட ஒரு பெண்ணுக்குத் தேவமாதா கரங்களை மீள அருளும் ஞானசௌந்தரி கதை, மேடையில் நெடுங்காலம் நடந்து, 1948இல் சிட்டாடல் கம்பெனியின் திரைப்படமாகவும் வந்து தமிழ்நாடெங்கும் வரவேற்பைப் பெற்றது. எந்தச் சாமியாரும் இவற்றை இம்சைக் காட்சி என்று விலக்கியதாக நாம் கேட்டதில்லை. காரணம் வெளிப்படை: பார்ப்பவனின் நெஞ்சு வெட்டுண்டவளோடு நிற்கிறது, வாளோடு நிற்பதில்லை. பாஸ்காவில் உரோமைச் சேவகனாக வேடமிட்டுச் சாட்டை வீசுகிறவனும் அடிபடுபவரின் பொருட்டே வீசுகிறான். இப்போதைய விளையாட்டில் துப்பாக்கி ஆடுபவனின் கண்களுக்குக் கீழேயே பிடிக்கப்பட்டிருக்கிறது. வீழ்கிறவனுக்குப் பெயருமில்லை, தாயுமில்லை. அத்தெனகோராஸின் காலத்துக் காட்சியாளனைவிடவும் பாஸ்காவின் சேவகனைவிடவும் இவன் நிலை வேறுபடுவது இந்த இடத்தில்தான்.

திரைப்படத்தைக் குறித்துப் பதினோராம் பத்திநாதர் 1936இல் வெளியிட்ட சுற்றுமடலைத் தாண்டி வீடியோ விளையாட்டுக்கு வருவோமாயின், 1976இல் அமெரிக்காவில் மனித உருவங்களை வண்டியேற்றிக் கொல்லும் டெத் ரேஸ் விளையாட்டு எழுப்பிய கூச்சலையும், மார்ட்டல் காம்பட் விளையாட்டை முன்னிட்டு 1993 டிசம்பரில் அந்நாட்டுச் செனட் சபை நடத்திய விசாரணையையும் முதலில் குறிப்பிட வேண்டும். கிறிஸ்தவ வியாபாரிகள் இதற்குக் கண்ட பரிகாரம் விநோதமானது. நாஜிகளைச் சுடும் உல்ஃபன்ஸ்டைன் 3டி என்ற விளையாட்டின் இயந்திரத்தையே உரிமம் பெற்று, 1994இல் விஸ்டம் ட்ரீ கம்பெனியார் நோவாவின் பேழை விளையாட்டை வெளியிட்டனர். அதில் நோவா மிருகங்களின் மேல் தீனியை எறிந்து அவற்றை உறங்க வைக்கிறார். குறி வைப்பதும் விசையை அழுத்துவதும் மட்டும் பழையபடியே இருந்தன.

1999 ஏப்ரலில் கொலம்பைன் பள்ளிக்கூடத்தில் நிகழ்ந்த படுகொலைக்குப் பின், கொலையாளிகளாகிய மாணவர் இருவரும் டூம் விளையாட்டில் ஊறியவர்கள் என்று பத்திரிகைகள் எழுத, கிறிஸ்தவ பிரசங்கங்களின் போக்கு ஒருவகையாக மாறியது. விளையாடுகிறவன் என்ன ஆகிறான் என்ற அகுஸ்தீனாரின் கேள்வி பின்னுக்குச் சென்று, விளையாடுகிறவன் நாளைக்குப் பிறரை என்ன செய்வான் என்ற போலீஸ்காரரின் கேள்வி முன்னுக்கு வந்தது. 2007 ஜனவரியில் பாப்பரசர் பதினாறாம் ஆசீர்வாதப்பர் விடுத்த சமூகத் தொடர்பு தினச் செய்தி இதற்கு ஒரு கௌரவமான விதிவிலக்கு. பொழுதுபோக்கின் பேரால் இம்சையை உயர்த்திக் காட்டும் சலனச் சித்திரங்களையும் வீடியோ விளையாட்டுகளையும் அவர் வக்கிரம் என்று கண்டித்ததோடு, மெய்யாகவே வன்முறைக்கு இரையாகித் துன்புறும் எண்ணற்ற சிறுவர்களிடம் இந்தப் பொழுதுபோக்கை எவ்வாறு விளக்கப் போகிறோம் என்றும் வினவினார். வெட்டுண்டவளின் பக்கத்திலிருந்து எழுந்த கேள்வி அது.

அதே 2007ஆம் ஆண்டிலேயே வேறிரண்டு நிகழ்ச்சிகளும் சம்பவித்தன. மான்செஸ்டர் கதீட்ரலின் உட்புறத்தைப் போர்க்களமாக்கிய ஒரு விளையாட்டுக்காக இங்கிலாந்துத் திருச்சபை சோனி நிறுவனத்திடம் முறையிட, நிறுவனம் மன்னிப்புக் கோரியது. அமெரிக்காவிலோ, பதினேழு வயதுக்குட்பட்டோருக்கு விற்கலாகாதென்று முத்திரையிடப்பட்ட ஹேலோ 3 விளையாட்டை நூற்றுக்கணக்கான புராட்டஸ்டண்டு சபைகள் தம் வாலிபர் அறைகளில் நிறுவி, சிறுவர்களைச் சபைக்கு ஈர்க்கும் சாதனமாகப் பயன்படுத்தி வருவதை நியூயார்க் டைம்ஸ் அக்டோபர் மாதத்தில் வெளிப்படுத்தியது. 1316இல் கேட்ட பிரயோசன நியாயத்தின் குரல் இது. அன்று சிலுவைப் போருக்கு ஆள் சேர்த்தார்கள், இன்று ஞாயிறு ஆராதனைக்கு ஆள் சேர்க்கிறார்கள்.

மலேசியாவில் இவ்விசாரணை அரசாங்கத்தின் வாயிலாகவே பகிரங்கமாயிற்று. 2017 செப்டம்பரில், தைவானில் தயாரான ஃபைட் ஆஃப் காட்ஸ் என்னும் சண்டை விளையாட்டில் சிலுவையினின்று தம்மைப் பிய்த்துக்கொண்ட இயேசுவும், புத்தரும், சேயுஸ், ஓடின் முதலிய தெய்வங்களும் ஒருவரையொருவர் தாக்குவது கண்டு, அதனை விற்ற ஸ்டீம் இணையக் கடைக்கு அரசாங்கம் இருபத்துநான்கு மணி நேர அவகாசம் தந்து, பின்னர் அக்கடையையே முடக்கியது. அந்த ஒரு விளையாட்டு மலேசியருக்குக் கிட்டாதவாறு செய்யப்பட்டதும் சில நாட்களில் கடை திறக்கப்பட்டது. பல சமயத்தார் கூடி வாழும் தேசத்தில் அவமதிப்பைத் தடுப்பது ராஜாங்கத்தின் கடமையென்பதை மறுப்பார் இல்லை. எனினும் அங்கே குற்றமாகக் கொள்ளப்பட்டது குத்து அன்று, குத்தியவரின் திருநாமமே. பெயரற்ற மனிதர்களை ஆயிரக்கணக்கில் சுட்டு வீழ்த்தும் மற்ற விளையாட்டுகள் கடையோடு சேர்ந்து தாமும் திரும்பி வந்தன. 2019 மார்ச்சில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் படுகொலை நிகழ்ந்தபின், நெகிரி செம்பிலான் முப்தி பப்ஜியையும் அதன் இனத்தையும் தடை செய்ய யோசனை கூறியது கொலம்பைன் காலத்துக் கேள்வியின் மறுபதிப்பு. அடுத்த ஆண்டு இந்தியா பப்ஜி மொபைலை விலக்கியதோ தேசப் பாதுகாப்பை முன்னிட்டு.

இதற்கிடையில் அந்தப் போலீஸ்காரரின் கேள்விக்கு அஸ்திவாரமும் ஆட்டம் கண்டுவிட்டது. விளையாட்டு இம்சைக்கும் முரட்டு நடத்தைக்கும் சிறு தொடர்பு காணப்படினும், கொலை போன்ற கொடுஞ்செயல்களுக்கு அவ்விளையாட்டுகளைக் காரணமாக்கப் போதிய விஞ்ஞான ஆதாரம் இல்லை என்று அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் அறிவித்தது. ஆயினும் நம் பக்கத்துப் பிரசங்கங்கள் பல, எங்கோ ஓர் அந்நிய நகரத்தில் விளையாட்டுப் பித்தன் ஒருவன் துப்பாக்கி ஏந்திய பத்திரிகைச் செய்தியிலேயே இன்னமும் தொடங்குகின்றன. அதைக் கேட்டு உட்கார்ந்திருக்கும் வாலிபனுக்குத் தான் எவரையும் கொல்லப் போவதில்லை என்பது நன்றாகவே தெரியும்; ஆகையால் பிரசங்கம் வேறு எவனையோ குறித்தது என்று தீர்மானித்து, ஆசீர்வாத ஜெபம் முடிவதற்குள் கைப்பேசியை எடுத்துவிடுகிறான்.