படம் பத்தாயிரம், பாட்டு ஒன்றரை லட்சம்

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருந்தார்: "என் குறும்படத்துல பழைய சினிமாப் பாட்டு ஒண்ணு ஓடுது. காலேஜுக்குத்தானே, பரவாயில்லையா?" இதே நினைப்பில் லாஸ் ஏஞ்சல்ஸில் எடுக்கப்பட்ட ஒரு மாணவர் படத்தின் கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

சார்லஸ் பர்னட் வளர்ந்தது வாட்ஸ் என்ற பகுதியில். அப்போது கறுப்பினத் தொழிலாளர்கள் வாழ்ந்த இடம். யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் சினிமா படித்தார். முதுகலைப் பட்டத்துக்காக 1977-இல் அவர் கொடுத்த படம் 'கில்லர் ஆஃப் ஷீப்'. ஆட்டுத்தொட்டியில் வேலை பார்க்கும் ஸ்டான், அவன் வீடு, அந்தத் தெருப் பிள்ளைகள், அவ்வளவுதான் கதை. 16 எம்எம், கறுப்பு-வெள்ளை. ஷூட்டிங் பெரும்பாலும் வார இறுதிகளில். நடித்தவர்கள் நண்பர்களும் அக்கம்பக்கத்தாரும். மொத்தச் செலவு 10,000 டாலருக்கும் குறைவு.

பாட்டு மட்டும் தாராளம்! பால் ராப்சன், லூயிஸ் ஆம்ஸ்ட்ராங், எர்த் விண்ட் அண்ட் ஃபயர், டைனா வாஷிங்டன். ஒரு காட்சியில் ஸ்டானும் மனைவியும் வீட்டுக்குள்ளேயே மெதுவாக ஆடுகிறார்கள். பின்னால் டைனா வாஷிங்டன் 'திஸ் பிட்டர் எர்த்' பாடுகிறார். பாட்டு முடிந்ததும் அவன் விலகிப் போய்விடுகிறான், அவள் தனியாக நிற்கிறாள். அந்தப் பாட்டை எடுத்துவிட்டு வேறு ஏதாவது போட்டால் அந்தக் காட்சியே இல்லை. பர்னட் எதற்கும் அனுமதி வாங்கவில்லை. தியேட்டருக்குப் போகும் என்று நினைத்து எடுத்த படமும் இல்லை அது.

ஆனா படம் நல்லாருந்துச்சு. அங்கதான் சிக்கல். 1981-இல் பெர்லின் விழாவில் விமர்சகர் விருது. 1990-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம். நாடே காப்பாற்ற வேண்டிய படம் என்று அரசாங்கம் சொல்லியாச்சு. தியேட்டரில் முறையாக வெளியிடத்தான் முடியவில்லை.

காரணம், ஒரு பாட்டுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி பாட்டை எழுதி இசையமைத்தவர்கள் பக்கம், பெரும்பாலும் மியூசிக் பப்ளிஷரிடம் இருக்கும். இன்னொன்று அந்த ஒலிப்பதிவை வைத்திருக்கும் ரெக்கார்ட் கம்பெனியிடம். இரண்டு பேரும் சரி என்றால்தான் படத்தில் போடலாம். விலையைச் சொல்வதும் அவர்கள் இஷ்டம். நீங்க மாணவர், கையில காசில்லைங்கறதெல்லாம் அவங்க கணக்குல வரணும்னு கட்டாயமில்லை.

நானும் இதில் அடிபட்டவன்தான். கடைசி வருடப் படத்தில் டீக்கடை ரேடியோவில் ஒரு பழைய பாட்டு, நாற்பது விநாடி. எடிட்டிங் எல்லாம் முடிந்த பிறகுதான் உரிமை வைத்திருந்த நிறுவனத்துக்கு எழுதினேன். அவர்கள் சொன்ன தொகை படத்தின் மொத்தச் செலவைவிட அதிகம். பாட்டை எடுத்துவிட்டு, பம்ப் ஸ்டவ் சத்தத்தை வைத்தேன். காட்சி செத்துப்போச்சு.

பர்னட்டின் படத்துக்கு மைல்ஸ்டோன் என்ற சின்ன விநியோக நிறுவனம் வந்தது. பல வருடம் அலைந்து பாட்டு உரிமைகளை வாங்கினார்கள். ஆன செலவு சுமார் ஒன்றரை லட்சம் டாலர், படம் எடுத்த செலவைப் போல பதினைந்து மடங்கு. இயக்குநர் ஸ்டீவன் சோடர்பெர்க் பணம் கொடுத்து உதவினார். யூசிஎல்ஏ ஆவணக் காப்பகம் 35 எம்எம்முக்கு மீட்டெடுத்த பிரதி 2007-இல் தியேட்டருக்கு வந்தது. எடுத்த படம் மக்களிடம் வர முப்பது வருடம்.

அப்போதும் ஒரு பாட்டு கிடைக்கவில்லை. கடைசிக் காட்சியில், ஆட்டுத்தொட்டியில், பர்னட் வைத்திருந்தது டைனா வாஷிங்டனின் 'அன்ஃபர்கெட்டபிள்'. அனுமதி வராததால் 'திஸ் பிட்டர் எர்த்' பாட்டையே மறுபடி போட்டார்கள். 2007-இல் பார்த்தவர்கள் அதைத்தான் படத்தின் முடிவாகப் பார்த்தார்கள். கசப்பாக முடிகிற படமாக அது மனதில் நின்றது, எனக்கும் அப்படித்தான். 2025-இல் புதிய 4கே பிரதி வந்தபோதுதான் 'அன்ஃபர்கெட்டபிள்' தன் இடத்துக்குத் திரும்பியது.

கேட்ட தம்பிக்கு: எடிட்டிங் டேபிளில் உட்காருவதற்கு முன்னாலேயே இரண்டு பேருக்கும் எழுதிப் போடுங்க. திரைப்பட விழாக்களுக்கு மட்டும் என்று கேட்டால் சில சமயம் குறைவாகக் கொடுப்பார்கள். ஆனா அது விழாவோட சரி. யூடியூபில் போட மறுபடி கேட்கணும். பதில் வரலைன்னா, உங்க ஊர்லயே பாடத் தெரிஞ்ச ஒருத்தரிடம் புதுசா ஒரு பாட்டு கேளுங்க, அதையும் எழுத்தில் வாங்கிக்கோங்க.